பழைய காரின் பானெட்டுக்குள் கீச் சத்தம்: பெல்ட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

எஞ்சின் பக்கம் ‘கிரீச்’ என்று கத்தினால் பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் பதில், “ஃபேன் பெல்ட் போச்சு, மாத்திரு.” புது பெல்ட் போட்டதும் சத்தம் நிற்கும். பதினைந்து நாளில் திரும்ப வரும். காரணம், கத்துவது பெல்ட்தான் என்றாலும் அதைக் கத்த வைப்பது பெரும்பாலும் வேறொன்று: சுற்ற மறுக்கும் ஒரு பேரிங் (சுழலும் அச்சைத் தாங்கும் வளையம்), சோர்ந்த பேட்டரி, துருப்பிடித்த புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), மேலே சொட்டும் எண்ணெய். அதைக் கண்டுபிடிக்காமல் பெல்ட் வாங்குவது வீண் செலவு.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்தி, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கினால் பெல்ட் வழுக்குகிறது. ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டை பேட்டரியில் திருப்பி ஏற்ற, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் முழுப் பாரத்தில் ஓடும். தளர்ந்த பெல்ட் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஹெட்லைட் போட்டதும் கத்தினாலும் இதே கதைதான். ஏசி போட்ட நொடியில் கத்தினால் கம்ப்ரஸர் பெல்ட்டைப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது மட்டும் வந்தால் அந்த பம்பின் பெல்ட்.

நீண்ட கிரீச்சாக இல்லாமல், குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு ‘கிச் கிச்’ என்று எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து வந்தால் அது வழுக்கல் இல்லை. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். கரகரவென்று அரைக்கும் சத்தம் பேரிங்குடையது. கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் வரும் கீச்சுக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். பானெட்டுக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்பதால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

கை வைக்கும் முன் ஹேண்ட் பிரேக், நியூட்ரல் இரண்டையும் உறுதி செய்யுங்கள். வேட்டியோடு, தோளில் துண்டோடு ஓடும் எஞ்சின் மேல் குனியவே கூடாது. துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கைக்கயிறு எதுவும் வேண்டாம். ரேடியேட்டரை ஒட்டியுள்ள மின்விசிறி சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றும்.

இனி தண்ணீர் சோதனை. எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, சின்ன ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கத்தில் மட்டும் இரண்டு பீச்சு அடியுங்கள். ஆல்டர்னேட்டர் மேல் படக்கூடாது. சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. உடனே நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி கோணல். எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங்கைத் தேடுங்கள்.

அடுத்து எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டைக் கண்ணால் பாருங்கள். பக்கவாட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்கி வெந்த பெல்ட். எவ்வளவு இறுக்கினாலும் திரும்பக் கத்தும். உள்பக்கம் குறுக்கே வெடிப்பு, உரிந்த நூல் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். புல்லியைச் சுற்றிக் கறுப்புப் பொடி அப்பியிருந்தால் பெல்ட் தேய்ந்து உதிர்கிறது. வி வடிவ பெல்ட்டில் இன்னொன்றும் முக்கியம்: பெல்ட் புல்லிக் குழியின் இரு பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். குழியின் அடித்தளம் மினுமினுத்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் உள்ளே இறங்கிவிட்டது. தேய்ந்தது புல்லி என்றால் புது பெல்ட்டும் அதே குழியில்தான் இறங்கும்.

டென்ஷன், அதாவது பெல்ட்டின் இறுக்கம் பார்க்க, இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியின் மையத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 கிலோ அழுத்தத்துக்கு 6 முதல் 9 மி.மீ. வரை தாழ்ந்தால், மாருதி 800 போன்ற சிறிய வண்டிகளின் வி பெல்ட்டுக்குச் சரி. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்க, ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும் மேலே சரிசெய்யும் பட்டையின் போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை முதலில் முறுக்குங்கள். பல கார்களில் 12, 14 நம்பர் ஸ்பேனர் போதும். நெம்பும் கம்பி ஆல்டர்னேட்டரின் முன்பக்கத் தடித்த பாகத்தில் ஊன்ற வேண்டும். பின்பக்க அலுமினிய உடம்பில் ஊன்றினால் வெடித்துவிடும்.

சத்தம் நிற்க வேண்டும் என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்குவது பெரிய தவறு. ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அந்த இழுப்பில் சீக்கிரம் போகும். ஒரு பெல்ட்டை மிச்சப்படுத்தப் போய் ஒரு வாட்டர் பம்ப் வாங்க வேண்டி வரும். புது பெல்ட் என்றால் 10 நிமிடம் ஓடவிட்டு மறுபடி டென்ஷன் பாருங்கள். 200, 300 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. பெல்ட் படியும்போது தளரும், அது இயல்பு.

டென்ஷன் சரி, பெல்ட்டும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கத்துகிறது என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை 20, 30 விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்; பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் நின்றிருக்கும். சத்தம் போய்விட்டால் பெல்ட் சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். ஆல்டர்னேட்டர் வழவழவென்று ஓட வேண்டும். மணல் கடிப்பதுபோல் விரலில் தெரிந்தால் பேரிங் மாற்றுங்கள். பேரிங் ஓரத்தில் வெட்டியிருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு போனால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பேரிங் கடையில் தனியாகவே வாங்கலாம். ஆல்டர்னேட்டர் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. வாட்டர் பம்ப் புல்லியை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து கூலன்ட் வழிந்த கறை இருந்தாலோ பம்ப் முடிந்தது. ஏசி புல்லி, ஏசி அணைந்திருந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அணைத்த நிலையிலும் கத்தினால் அதன் பேரிங். போட்டால் மட்டும் கத்தினால் பெல்ட் வழுக்கல் அல்லது கம்ப்ரஸர்.

பெல்ட் இல்லாமலும் சத்தம் தொடர்ந்தால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் மூடிக்குள், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங் சந்தேகத்துக்குரியது. இதை வீட்டு முற்றத்தில் முயல வேண்டாம். அந்த பேரிங் இறுகி டைமிங் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பேட்டரியையும் விடக்கூடாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் காலைக் கத்தலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கெல்லாம் மேல் உப்புக் காற்று இருக்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, கார் மாதக்கணக்கில் போர்டிகோவிலேயே நிற்கும். புல்லிக் குழியில் துரு படரும், பேட்டரி இறங்கும். விடுமுறைக்கு வந்து ஸ்டார்ட் செய்ததும் கத்தும். இதற்குப் புது பெல்ட் மட்டும் போட்டால் துரு அதையும் அரம் போல் ராவிவிடும். பெல்ட்டைக் கழற்றி, குழியின் சுவர்களை நயமான உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்த பிறகே பெல்ட் ஏற்றுங்கள். நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை 20 நிமிடமாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் இங்கே பெய்வதால், தேங்கிய நீரில் ஓட்டியதும் வரும் கத்தல் சகஜம். ஐந்து நிமிடத்தில் காய்ந்து நின்றுவிட்டால் பயமில்லை. ஒவ்வொரு மழை நாளிலும் கத்தல் வந்தால் டென்ஷன் குறைவு.

பெல்ட்டில் சோப்பு தேய்ப்பது, எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். எண்ணெய் ரப்பரை ஊதவைத்து மெதுவாக்கும். சோப்பு சத்தத்தை மறைக்குமே தவிர வழுக்கலை நிறுத்தாது. டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட்டிலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட் நனைந்திருந்தால், முதலில் கேஸ்கெட், பிறகு பெல்ட். வரிசை மாறினால் புது பெல்ட்டும் நனையும். எண்ணெயில் ஊறிய பெல்ட்டைக் கழுவித் திரும்பப் போட முயல வேண்டாம், அது தேறாது.