தடுப்பூசி போட்டும் கோழிகள் செத்தது ஏன்?

இரண்டு வருடம் தொடர்ந்து என் நாட்டுக்கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் செத்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகல், அப்புறம் கொட்டகையே காலி. மனசு விட்டுப்போனது.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "தடுப்பூசி மருந்தை எப்படிக் கொண்டுவந்தீங்க?" சட்டைப்பையில், வெயிலில். அது உயிருள்ள வைரஸ் மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். போதாததற்கு, குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்து கொடுத்திருந்தேன். அதுவும் மருந்தைக் கெடுக்கும்.

இப்போது ஐஸ் போட்ட தெர்மாஸில் கொண்டுவருகிறேன். குஞ்சு பொரித்த 7ஆம் நாள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணில் ஒரு சொட்டு. 8ஆம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் அதே நோய்க்கான ஆர்2பி என்ற தடுப்பூசி. சந்தைக் கோழியை மூன்று வாரம் தனியே அடைத்துவைத்து, தினமும் எச்சத்தைப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுகிறேன். போன கோடையில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.