7, 11, 13-ஆல் வகுபடுமா? மூன்றுக்கும் ஒரே கணக்கு

4,86,29,672-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லட்சம், கோடிக்கான காற்புள்ளிகளை முதலில் அழித்துவிடுங்கள். பலரும் சறுக்குவது அங்கேதான். வலது ஓரத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்தால் 48 | 629 | 672. இனி வலமிருந்து கழித்தல், கூட்டல் என மாறி மாறி: 672 − 629 + 48 = 91. இந்த 91-ஐச் சோதித்தால் போதும். 7-க்கும் 13-க்கும் மீதியின்றிப் போகும். 11-க்கு மீதி 3. பெரிய எண்ணுக்கும் அதே மீதிதான்.

காரணம், 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதைவிட ஒன்று குறைவு என்பதால்தான் குறி மாறிக்கொண்டே போகிறது. இடமிருந்து தொடங்கினால், மும்மூன்று இலக்கத் தொகுதிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது மீதி தப்பாகிவிடும். வகுபடுமா என்பது மட்டும் சரியாக வரும். விடை மைனஸில் வந்தால், அது போகும்வரை 1001-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 5,10,510-க்கு விடை 0, மூன்றாலும் வகுபடும்.