அரபும் பாரசீகமும் சேர்த்துப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

“எழுத்து ஒன்றுதானே, ஒன்றைப் படித்தால் இன்னொன்று பாதி வந்துவிடும்” என்ற கணக்கில்தான் பலர் கல்லூரியில் இரண்டையும் சேர்த்து எடுக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அரபு, பாரசீகம், உருது மூன்றுக்கும் சேர்த்து ஒரே துறைதான். எழுத்து கிட்டத்தட்ட ஒன்று என்பது சரி. அரபின் 28 எழுத்தோடு, அதில் இல்லாத ஒலிகளுக்காக நான்கைக் கூட்டி 32 ஆக்கிக்கொண்டது பாரசீகம். ஆனால் அரபு ஹீப்ருவின் குடும்பம், பாரசீகம் சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு. இலக்கணத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றுபோலத் தெரிகிற இடங்களில்தான் அடி சறுக்குகிறது.

முதலில் நேரம். வாரத்தைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு மொழிக்கும் கொடுப்பது நியாயமாகத் தோன்றும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் பாரசீகத்துக்கு 44 வாரம், சுமார் 1100 மணி நேர வகுப்பு என்றும், அரபுக்கு 88 வாரம், 2200 மணி நேரம் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. தமிழ் பேசுபவருக்கு இந்த இடைவெளி இன்னும் கூடும் என்பது என் அபிப்பிராயம். பாடத்திட்டம் இடம் கொடுத்தால் அரபை ஒரு செமஸ்டர் முன்னால் தொடங்குங்கள். மூன்று மெய்யெழுத்து கொண்ட ஒரு வேரிலிருந்து பல சொற்கள் பிறக்கும் அரபின் வேர்ச்சொல் முறை பிடிபட்ட பிறகு, பாரசீகத்தில் கலந்திருக்கும் ஆயிரக்கணக்கான அரபுச் சொற்கள் தாமாகவே அடையாளம் தெரியும். பாரசீகத்திலிருந்து அரபுக்குப் போனால் இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது.

மதரஸாவில் குர்ஆன் ஓதிப் பழகியவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். அங்கே உயிர்க்குறி போட்ட எழுத்து. பல்கலைக்கழகப் பாடத்தில் அந்தக் குறிகள் இருக்காது. இலக்கணம் தெரிந்தால்தான் சொல்லைச் சரியாக வாசிக்கவே முடியும். ஓதத் தெரியும் என்று முதல் செமஸ்டர் வகுப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உச்சரிப்பு. நோன்பு மாதத்தை நம் ஊரில் சிலர் ரமலான் என்கிறோம், சிலர் ரம்ஜான் என்கிறோம். எழுத்து ஒன்றே. அரபின் ‘ளாத்’ எழுத்தை அரபுமுறையில் ஓதிப் பழகிய தமிழ் நாக்கு ‘ல’ ஆக்கியது. பாரசீகமும் அதைப் பின்பற்றிய உருதும் அதை ‘இஸட்’ ஒலியாக்கின. பாரசீகத்தில் அந்த ஒரே ஒலிக்கு நான்கு எழுத்து, ‘ஸ’ ஒலிக்கு மூன்று எழுத்து. அதனால் பாரசீக வகுப்பில் தொண்டையை அழுத்தி அரபுபோல உச்சரிக்க வேண்டாம். எதிர்த்திசையில் போனால் சேதம் அதிகம். அரபில் ‘ஸைஃப்’ என்பதை மெல்லிய ‘ஸ’ போட்டுச் சொன்னால் வாள், அழுத்தமான ‘ஸ’ போட்டால் கோடைக்காலம். பாரசீகக் காது இந்த வேறுபாட்டைக் கேட்காது.

பொருள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் தாசில்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தஹ்ஸீல்’ அரபு, வசூல் என்று பொருள். ‘தார்’ பாரசீகம், உடையவர். ஆனால் இன்றைய ஈரானில் ஒருவர் ‘தஹ்ஸீல்’ செய்கிறேன் என்றால் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், வரி வசூலிக்கிறார் என்று அல்ல. ‘இன்கிலாப்’ அரபுச் செய்தித்தாளில் ஆட்சிக் கவிழ்ப்பு, பாரசீகத்தில் புரட்சி. அரபில் அடர்ந்த காட்டுக்குப் போடும் ‘கஸீஃப்’ என்ற அடைமொழியைப் பாரசீகத்தில் போட்டால் அழுக்குக் காடு ஆகிவிடும். இப்படிச் சொற்கள் வரும்போது ஒரே நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். ஒரு மொழியின் அகராதியை வைத்து இன்னொன்றை ஒப்பேற்றவே கூடாது. ஸ்டைன்காஸின் பாரசீக அகராதி எல்லா நூலகத்திலும் கண்ணில் படும். 1892-ல் வந்தது, பழைய கவிதைக்கு அருமை, இன்றைய தெஹ்ரான் பத்திரிகைக்கு ஆகாது.

தமிழ் மாணவர்கள் தங்கள் கையில் இருப்பதை வீணாக்குவதும் உண்டு. பாரசீக வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். நாம் ‘போன் பண்ணு’ என்பதுபோல அவர்கள் ‘தெலெஃபோன் கர்தன்’ என்பார்கள். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டுக்கும் நமக்குத் தெரியும் வேறுபாடு இருக்கிறதே, அதையே அவர்கள் ‘ரா’ என்ற ஒட்டை விட்டும் சேர்த்தும் காட்டுகிறார்கள். ஆங்கிலப் பாடநூல் இந்த ‘ரா’வை விளக்கப் பக்கம் பக்கமாகப் பாடுபடும். நமக்கு ‘ஐ’ உருபு என்றால் முடிந்தது. எண்ணுக்குப் பின் வரும் பெயரும் ‘மூன்று புத்தகம்’ என்று ஒருமையிலேயே நிற்கும். அரபு வகுப்பிலிருந்து நேரே வருபவர்கள் இங்கே பன்மை போட்டு மதிப்பெண் இழக்கிறார்கள்.

அப்புறம், ஆய்வுக் கட்டுரை எழுதும்போது ஆண்டுக் கணக்கு. ஈரானியப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 1357 என்று இருந்தால் அது பெரும்பாலும் சூரிய ஹிஜ்ரி (நபிகள் மதீனா போன 622-லிருந்து சூரிய ஆண்டாக எண்ணுவது), அதாவது 1978-79, புரட்சி நடந்த ஆண்டு. அதே எண் கெய்ரோவில் அச்சான புத்தகத்தில் இருந்தால் சந்திர ஹிஜ்ரி, 1938. கவனிக்காமல் மாற்றினால் அடிக்குறிப்பில் நாற்பது வருடம் காணாமல் போகும். ஈரான் சூரியக் கணக்கை அதிகாரபூர்வமாக ஏற்றது 1925-ல்தான். அதற்கு முந்தைய பாரசீக நூல்களில் சந்திரக் கணக்கே வழக்கம்.

கடைசியாகக் கணினி. சொல்லின் இறுதியில் வரும் ‘யே’க்கு அரபில் கீழே இரண்டு புள்ளி உண்டு, பாரசீகத்தில் இல்லை. புள்ளியில்லாத அந்த வடிவத்தை அரபில் ‘ஆ’ என்று வாசிப்பார்கள். அதனால் ஈரானிய அச்சில் ‘அலீ’ என்ற பெயரை அரபு மாணவர் ‘அலா’, அதாவது ‘மேல்’, என்று வாசித்துவிடுவார். (எகிப்து அச்சகங்களும் புள்ளியை விட்டுவிடும் என்பது தனிக் கதை.) கணினியில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள், ‘காஃப்’ எழுத்தும் அப்படியே. அரபு விசைப்பலகையில் தட்டிய பாரசீகத் தலைப்பைச் சில நூலகப் பட்டியல்கள் இல்லை என்றே சொல்லும். புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். இரண்டு விசைப்பலகையையும் முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள். தேடிக் கிடைக்காவிட்டால் மாற்றித் தட்டிப் பாருங்கள்.