மாடிக்குச் சீனக் குடும்பம் குடி வந்தா

எங்க மாடியில, திருப்பூர்ல நிட்டிங் மிஷின் மாட்டிக் குடுக்கற சீன இன்ஜினியர் ஒருத்தர், சம்சாரம் குழந்தையோட குடியிருக்கறாருங்க. உங்க வீட்டுக்கும் அப்படி யாராச்சும் வந்தா இதெல்லாம் பாருங்க.

அவங்க குடி வந்த 24 மணி நேரத்துக்குள்ள, வீட்டு ஓனர் அந்த விவரத்தை அரசாங்க இணையதளத்துல பதியோணும். 180 நாளுக்கு மேல விசான்னா, இந்தியா வந்த 14 நாளுக்குள்ள அவங்களும் பதிஞ்சுக்கோணும். சீனாவுல குடும்பப் பேர்தான் முன்னால வரும். பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதுங்க. மாத்தி எழுதினா பேங்க்ல இழுத்தடிக்கும்.

அவங்க ஊருக்குப் பேசற வீசாட் ஆப்பை இங்க 2020 ஜூன்ல தடை பண்ணிட்டாங்க, நம்ம வாட்ஸ்அப் அங்க ஓடாது. ஊருக்குப் பேச என்ன வழின்னு கம்பெனியில முதல்லயே கேட்டுக்கச் சொல்லுங்க. அங்க ரெண்டரை மணி நேரம் முன்னால. நமக்கு ஆறு மணின்னா அங்க எட்டரை, தாத்தா பாட்டி தூங்கறதுக்குள்ள பேசற நேரம். அப்பப் போய்க் கதவைத் தட்டாதீங்க.

சமையக்கட்டுதான் முக்கியம். தீயை எச்சா வெச்சு வதக்குவாங்க, புகை போக ஃபேன் மாட்டிக் குடுங்க. புழுங்கலரிசி சேரலீன்னா பச்சரிசி காட்டுங்க. விடியால உழவர் சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க. பாகக்காய், முள்ளங்கி, இஞ்சி, பூண்டு எல்லாம் அவங்க பொழங்கறதுதான். இங்கத்த வெலைதான் தெரியாது. காய்க்காரம்மாகிட்ட இன்னார்னு சொல்லிட்டு நீங்க தள்ளி நின்னுக்கோங்க. அந்த வீட்டம்மா தானே கேட்டு, தானே காசு எண்ணிக் குடுக்கட்டும். எல்லாம் நாமளே வாங்கிக் குடுத்தா அவங்க என்னிக்கும் ஒறம்பரையாவே, விருந்தாளியாவே இருப்பாங்க. எனக்கு அது புடிக்காதுங்க.

அரிசிம்பருப்பு சோறு ஆக்கினா ஒரு கிண்ணம் மேல குடுங்க. வேண்டாம்னு ரெண்டு தாட்டி சொல்றது மரியாதைக்கு, மறுபடி நீட்டுங்க. நீங்க எது திங்க மாட்டீங்க, எந்தக் கெழம கவுச்சி ஆகாதுன்னு மொதல்லயே சொல்லிருங்க. நான் சொன்னதுல இருந்து எங்களுக்குத் தக்காளியும் முட்டையும் வதக்கி வருது. என் பேரன் அதுக்குன்னே மாடிப்படியில உக்காந்துக்கறான். அவங்க கீழ வந்தா குடிக்கச் சுடுதண்ணி குடுங்க, ஐஸ்தண்ணி வேண்டாம்.

அவங்க வருசப்பொறப்பு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவுல, அமாவாசையை ஒட்டி வரும். குழந்தைக்குச் செவப்புக் கவர்ல புது நோட்டு வெச்சு, ரெண்டு கையாலயும் குடுங்க. கடனை அதுக்கு முன்னாலயே தீர்க்கறது அவங்க வழக்கம். அதனால வாடகைப் பேச்சை அன்னிக்கு எடுக்காதீங்க, முந்தின வாரமே வாங்கிக்கோங்க.