அண்டார்டிகா கப்பல்ல போய் பெங்குயின், திமிங்கலம் பாக்கறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

துருவம்னாலே பனிக்கரடி பாக்கலாமான்னு கேக்குறாங்க. பனிக்கரடி வடக்க ஆர்க்டிக்ல, பெங்குயின் தெக்க, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே கெடையாது. நான் சொல்லப்போறது அர்ஜென்டினாவோட உஷுவாயாலேருந்து அண்டார்டிக் தீபகற்பத்துக்குப் போற ட்ரிப்.

ஸ்டெப் 1: மாசத்தையும் கப்பலையும் முடிவு பண்ணுங்க

சீசன் நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும். நவம்பர்ல பனி சுத்தமா இருக்கும், பெங்குயின் ஜோடி சேரும், டிசம்பர் கடைசி ஜனவரின்னா குஞ்சு, திமிங்கலம்தான் முக்கியம்னா பிப்ரவரி மார்ச். கப்பல் சின்னதா பாருங்க, ஏன்னா ஒரு எடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல எறங்கக்கூடாது, 500 பேருக்கு மேல பயணிங்க இருக்கற கப்பல்னா யாரையும் எறக்கவே மாட்டாங்க. இத பாக்காம விலை கம்மின்னு பெரிய கப்பல் புக் பண்ணிட்டு பால்கனிலேருந்தே பாத்துட்டு வந்தவங்க இருக்காங்க.

ஸ்டெப் 2: டிரேக் கடல்ல ரூமுக்குள்ள படுத்துக்காதீங்க

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல இருக்கற இந்த டிரேக் கடல்ல ரெண்டு நாள் ஆட்டம்தான். வாந்தி மாத்திரைய டாக்டர்ட்ட கேட்டு, கப்பல் உஷுவாயாவ ஒட்டி இருக்கற பீகிள் கால்வாய்க்குள்ள இருக்கறப்பவே போட்டுடுங்க, தல சுத்த ஆரம்பிச்சப்பறம் போட்டு பிரயோஜனம் இல்ல. அப்பறம் ஜாக்கெட் போட்டுட்டு கப்பலோட பின்பக்கம் போய் நில்லுங்க. ஆல்பட்ராஸ்னு ஒரு பெரிய கடல் பறவை எறக்கையே அடிக்காம கூடவே வரும், வாண்டரிங் ஆல்பட்ராஸ்னா எறக்கைய விரிச்சா 3.5 மீட்டர் வரைக்கும் போகும். பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெருசா காட்டும், 42 மி.மீ. லென்ஸ்) போதும், அதுக்கு மேல ஜூம் இருந்தா ஆடுற கப்பல்ல ஒண்ணும் நிக்காது.

ஸ்டெப் 3: பாக்கெட், பூட்ஸ் சுத்தம்

கரைல எறங்கறதுக்கு முன்னாடி உங்க ஜாக்கெட் பாக்கெட், வெல்க்ரோ எல்லாத்தையும் வாக்யூம் போட்டு எடுப்பாங்க, வெளியூர் விதை ஒண்ணுகூட அங்க போகக்கூடாது. பூட்ஸ மருந்துத் தண்ணில முக்கணும், போறப்பவும் வர்றப்பவும். அங்க பறவைங்களுக்கு பறவைக் காய்ச்சல் வந்தப்பறம் கரைல உக்காரக்கூடாது, முட்டி போடக்கூடாது, பையக்கூட கீழ வைக்கக்கூடாது.

ஸ்டெப் 4: ஸோடியாக்ல ஏறுறது

ஸோடியாக்குங்கறது ரப்பர் போட். ஏறும்போது ரெண்டு கையும் காலியா இருக்கணும். மாலுமியோட கையப் பிடிக்காதீங்க, மணிக்கட்டுக்கு மேல முன்னங்கையப் பிடிங்க, அவரும் அப்படியே பிடிப்பாரு, அதுதான் வழுக்காது.

ஸ்டெப் 5: பெங்குயின தொரத்தாதீங்க

கரைக்கு முன்னாடியே நாத்தம் வந்துடும், பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல பழகிடும். குறைஞ்சது 5 மீட்டர் தள்ளி நிக்கணும், ஃபர் சீல்னா (ஒரு வகை கடல்நாய்) 15. பனில குழியா ஒரு பாதை தெரியும், அது அதுங்க நடந்து நடந்து போட்ட ரோடு, நடுவுல நிக்காதீங்க. எல்லாரும் ஓடி ஓடி போட்டோ எடுப்பாங்க, நீங்க ஒரு ஓரமா எடம் பிடிச்சு அரைமணி நேரம் சும்மா நில்லுங்க. அப்பதான் ஒரு ஜென்டூ வகை பெங்குயின் பக்கத்து கூட்டுலேருந்து கூழாங்கல்ல திருடி தன்னோட கூட்டுல கொண்டு போய் வைக்கறது, அந்த கூட்டுக்காரன் கத்தறது எல்லாம் கண்ணுல படும். அதுவா கிட்ட வந்தா அசையாதீங்க. எந்த வகைன்னு கண்டுபிடிக்க மூஞ்சிய பாருங்க: அலகு ஆரஞ்சு, தலைல வெள்ளப் பட்டை இருந்தா ஜென்டூ, தாடைக்கு கீழ கறுப்பு கோடுன்னா சின்ஸ்ட்ராப், கண்ண சுத்தி வெள்ள வளையம்னா அடெலி.

ஸ்டெப் 6: திமிங்கலம்

வில்ஹெல்மினா பே மாதிரி எடத்துல இன்ஜின ஆஃப் பண்ணிட்டாங்கன்னா மொதல்ல காத கொடுங்க, புஸ்ஸுன்னு மூச்சு சத்தம் வரும், அந்தப் பக்கம் திரும்புங்க. ஹம்ப்பேக் வகை திமிங்கலம் முதுக நல்லா வளைச்சுதுன்னா ஆழமா போகப்போகுதுன்னு அர்த்தம், அடுத்து வால் மேல வரும், அப்ப க்ளிக் பண்ணுங்க. வாலோட அடிப்பக்க டிசைன் நம்ம கைரேகை மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் வேற. அந்த போட்டோவ ஹேப்பிவேல் சைட்ல போட்டா, அதே திமிங்கலத்த வேற எங்க யார் பாத்தாங்கன்னு மேட்ச் பண்ணிச் சொல்வாங்க. இங்க மேயறதுல நெறைய, குளிர்காலத்துல குட்டி போட கொலம்பியா, ஈக்வடார் பக்கம் போறதுங்க.

ஸ்பேர் பேட்டரிய பைல வைக்காம உள் சட்டை பாக்கெட்ல வைங்க, குளிர்ல சார்ஜ் சட்டுனு எறங்கிடும், வால் மேல வர்ற நேரம் பாத்துதான் கேமரா ஆஃப் ஆகும்.