இரண்டு நெட் லைனை ஒரே ரவுட்டரில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன அலுவலகங்களுக்கு இரண்டு லைன் போட்டுக்கொடுக்கப் பழகும் பிள்ளைகள், நான் அன்று விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். கேபிளை மாற்றிச் செருகுவது, பாஸ்வேர்டை மறப்பது போன்றவை தாமாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோடம் பதில் சொன்னால் நெட் இருக்கிறது என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு லைன் போனால் மற்றது தாங்கும் என்று வாடிக்கையாளருக்குச் சோதித்தே காட்டினேன். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவிலிருந்த கேபிளைப் பிடுங்கியதும் அடுத்த லைனுக்கு மாறியது. சில வாரம் கழித்துத் தெருவில் ஃபைபர் அறுந்தது. மோடம் மட்டும் ரவுட்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்ததால், பாதி கனெக்‌ஷன்கள் செத்த லைனுக்கே போயின. ஒரு பக்கம் திறக்கும், அடுத்தது சுற்றிக்கொண்டே நிற்கும், ரிஃப்ரெஷ் செய்தால் வந்துவிடும். அடியோடு நின்றிருந்தால் சீக்கிரம் பிடித்திருப்பேன். டிஎன்எஸ், வைரஸ், சுவிட்ச் என்று பகல் முழுக்கத் தேடினேன். அதுவரை அங்கே யாராலும் ஒழுங்காக வேலை பார்க்க முடியவில்லை. சாயங்காலம் அலமாரியைத் திறந்தால், மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

ரவுட்டர் மோடத்தைத் தாண்டி வெளியே விசாரிக்க வேண்டும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என வெளியே உள்ள இரண்டு சர்வர் முகவரி கொடுங்கள். ஒன்றுதான் என்றால், அது பதில் தராதபோது நல்ல லைனும் செத்த கணக்கில் சேரும். ஒவ்வொரு லைனின் பிங்கும் (பதில் வருகிறதா என்று அனுப்பும் சின்ன விசாரிப்பு) அந்த லைன் வழியாகவே போகும்படி ரூட் போடுங்கள். இல்லாவிட்டால் செத்த லைனுக்கான பிங் நல்ல லைனில் போய்ப் பதிலோடு திரும்பிவிடும். சோதிக்கும்போது மோடத்துக்குள் வரும் ஃபைபரையே கழற்றுங்கள்.

50 Mbps-ம் 50 Mbps-ம் சேர்ந்தால் 100 என்று வாக்குக் கொடுப்பது

இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் லோட் பேலன்சிங் கனெக்‌ஷன்களைத்தான் பங்கிடும். ஒரே கனெக்‌ஷனில் இறங்கும் ஃபைல் 50-ஐத் தாண்டாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வங்கித் தளங்களை இரண்டு லைனிலும் அலையவிடுவது

லைன் மாறி நடுவில் ஐபி முகவரி மாறினால் லாகவுட் ஆகலாம். ஒரே லைனில் கட்டுங்கள்.

இரண்டு மோடத்துக்கும் 192.168.1.1

இரண்டுக்கும் ஒரே முகவரி என்றால் ரவுட்டர் குழம்பும். ஒன்றை மாற்றுங்கள்.

இரண்டு கம்பெனி என்றால் இரண்டு வழி என்று எண்ணுவது

கேபிள் கட்டடத்துக்குள் எங்கே நுழைகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஓரிடத்தில் இரண்டும் ஒரே பைப்பில் வந்தன. வாசலில் பள்ளம் தோண்டியபோது இரண்டும் சேர்ந்தே அறுந்தன.