பேஸ்மென்ட் வீட்டில் குளிர்காலம்: வெளிச்சமும் வெம்மையும் கொண்டு மனச்சோர்வைச் சமாளிக்கும் வழி

டொரண்டோவுக்கு வந்த முதல் ஆண்டு, செப்டம்பரில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் வாடகைக்குக் குடியேறினேன். கூரையை ஒட்டினாற்போல் ஒரே ஒரு சின்ன ஜன்னல். வாடகை கட்டுப்படியானதால் வேறு எதையும் யோசிக்கவில்லை. டிசம்பர் வந்தபோது பத்து மணி நேரம் தூங்கியும் எழுந்திருக்க முடியவில்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று ஓயாமல் தின்னத் தோன்றியது. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் போனை எடுக்கவே மனசு வரவில்லை. எனக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்றே நம்பினேன். மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கியதும், யாரோ ஒரு மூட்டையை என் முதுகிலிருந்து இறக்கி வைத்ததுபோல் எல்லாம் சரியானது. அதற்கு அடுத்த நவம்பரில் அதே மூட்டை திரும்பி வந்தபோதுதான் டாக்டரிடம் போனேன்.

இதற்குப் பெயர் பருவகால மனச்சோர்வு. 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை முதன்முதலில் ஒரு தனி நோயாக விவரித்து எழுதினார்கள். அவரும் நம்மைப் போல வெயில் நாட்டுக்காரர்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, குளிர்காலத்தில் தனக்கே மனம் சரிவதைக் கவனித்தவர். தூக்கமும் பசியும் குறைவதுதான் மனச்சோர்வு என்று பலர் நினைக்கிறோம். இதில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும்: தூக்கம் கூடும், மாவுப் பண்டங்கள் மேல் ஆசை கூடும், எடை ஏறும், ஆட்களைப் பார்க்கப் பிடிக்காது. அதனால்தான் இதைச் சோம்பல் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்தைத் தாண்டும். டொரண்டோவில் டிசம்பர் 21 வாக்கில் அது 9 மணி நேரத்துக்கும் கீழே போய்விடுகிறது. சூரியன் 7:50 வாக்கில் உதித்து 4:45-க்குள் மறைந்துவிடும். அந்தப் பகலிலும், நகரை ஒட்டிய ஒன்டாரியோ ஏரியின், காற்றைவிட வெதுவெதுப்பான நீருக்கு மேல் குளிர்காற்று வீசும்போது மேகம் திரண்டு வானத்தை மூடிக்கொள்கிறது. காலை 7 மணி ஷிப்டுக்குப் போய் 5 மணிக்கு பேஸ்மென்டுக்குத் திரும்புகிறவர், வாரநாட்களில் சூரியனையே பார்ப்பதில்லை.

கீழே உள்ளவை நான் மூன்று குளிர்காலங்களாகச் செய்துவருபவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளிச்சமும் வெம்மையும் இரண்டு வேறு மருந்துகள். கடும் வெளிச்சம் காலைக்கு. இதமான வெம்மை மாலைக்கு. இதை மாற்றிப் போட்டுத்தான் முதலில் நான் கெடுத்துக்கொண்டேன்.

படி 1: உங்கள் வீட்டு வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

போனில் 'லக்ஸ் மீட்டர்' (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று தேடினால் இலவசச் செயலிகள் கிடைக்கும். துல்லியம் முன்பின் இருந்தாலும் நமக்கு வேண்டிய அளவுக்குப் போதும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், கண் இருக்கும் உயரத்தில் போனைப் பிடித்துப் பாருங்கள். என் பேஸ்மென்டில் பகல் 12 மணிக்கு, எல்லா விளக்கும் எரியும்போது, 70 லக்ஸ் காட்டியது. அப்படியே படியேறி வாசலுக்குப் போனேன். மேகமூட்டமான நாள்தான், ஆனாலும் சில ஆயிரம் காட்டியது. நம் ஊர் உச்சி வெயிலில் இது 1 லட்சம் வரை போகும்.

இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கண்மணி விரிந்து, கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் '70 லக்ஸ் போதுமே, படிக்க முடிகிறதே' என்று தோன்றும். ஆனால் கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று அல்லாமல், பகலா இரவா என்று மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனிச் செல்கள் உண்டு. அவற்றுக்கு 70 லக்ஸ் என்பது ஏறக்குறைய இரவுதான். அந்தக் கடிகாரத்துக்கு உரிய நேரத்தில் விடியாவிட்டால் தூக்கம், பசி, மனநிலை மூன்றும் தடுமாறும்.

படி 2: காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள்

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழியில் சருகும் பனியும் குவிந்திருந்தால் அள்ளிப் போடுங்கள். திரையைக் கழற்றுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள். காலையில் உட்காரும் நாற்காலியை ஜன்னலைப் பார்த்தபடி, முடிந்தவரை அருகில் போடுங்கள். ஜன்னலிலிருந்து நாலடி தள்ளினாலே வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்பதை அதே செயலியில் நீங்களே பார்க்கலாம்.

தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுதான் வீட்டின் பொக்கிஷம். குளிர்காலத்தில் இங்கே சூரியன் நண்பகலிலும் தெற்கு வானில் தாழ்வாகவே இருப்பதால், வெயில் அந்தப் பக்கத்து அறைக்குள் ஆழமாக வந்து விழும். எங்கள் வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மேலே அவருடைய சமையலறை தெற்குப் பார்த்தது. ஒரு நாள், "பிள்ளை, கீழ இருட்டுக்குள்ள இருக்காதேங்கோ. லீவு நாளிலை மேல வந்து வெயிலுக்கை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். சனி, ஞாயிறு காலைகளில் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்ததில் வெளிச்சமும் கிடைத்தது, பேச்சுத்துணையும் கிடைத்தது. கேட்கத் தயங்காதீர்கள்.

படி 3: லைட் தெரபி விளக்கு

இதுதான் முக்கியமான படி. வழக்கமாக மாட்டும் வீட்டு பல்புகள் இதற்கு ஈடாகாது. கனடாவில் மனநல மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதலின்படி, பருவகால மனச்சோர்வுக்கு முதல் வரிசைச் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. 2006-இல் வெளியான ஒரு கனேடிய ஆய்வில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் லாம் குழுவினர் 96 பேரை எட்டு வாரம் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு 10,000 லக்ஸ் வெளிச்சம், பாதிப் பேருக்கு ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. வெளிச்சம் பெற்றவர்களுக்கு முதல் வாரத்திலேயே கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

ஆனால் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். இருமுனை மனநோய் (மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி, ஒரு சமயம் சரியும் நோய்) உங்களுக்கு இருந்தால், இந்த வெளிச்சம் அப்படி மனம் பொங்குவதைத் தூண்டிவிடலாம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், குளுக்கோமா போன்ற கண் நோய் உள்ளவர்கள், வெளிச்சம் பட்டால் தோல் எளிதில் பாதிக்கப்படும்படி செய்யும் மருந்துகளை, உதாரணமாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை, எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாங்கும்போது பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். '10,000 லக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, எவ்வளவு தூரத்தில் என்றும் போட்டிருக்க வேண்டும். நான் முதலில் வாங்கியது புத்தக அளவு விளக்கு. அது 10,000 லக்ஸ் தந்தது மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் பாதிக்கும் கீழே போய்விட்டது. தூரம் கூடக்கூட வெளிச்சம் மிக வேகமாகக் குறையும். 30 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் 10,000 லக்ஸ் தரும் அகலமான விளக்காக, புற ஊதாக் கதிர்களை வடிகட்டுவதாகப் பாருங்கள். 'லூமென்' என்பது விளக்கு மொத்தமாக வெளியிடும் வெளிச்சம், 'லக்ஸ்' என்பது உங்கள் மேல் வந்து விழும் வெளிச்சம்; இரண்டும் வேறு கணக்கு. கடைக்காரர் லூமெனைச் சொன்னால் லக்ஸைக் கேளுங்கள். வாங்கும் முன் சோதித்துப் பார்க்க ஆசையென்றால் அருகிலுள்ள பொது நூலகக் கிளையில் கேட்டுப் பாருங்கள். கனடாவில் சில நூலகங்கள் வாசகர்களுக்காக இந்த விளக்குகளை மேசையில் வைத்திருக்கின்றன.

பயன்படுத்தும் முறை எளிது. காலை எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், மேசையில் உங்களுக்குச் சற்றே பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலாக வைத்து 30 நிமிடம் உட்காருங்கள். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. ஆனால் கண் திறந்திருக்க வேண்டும், வெளிச்சம் பக்கத்திலிருந்து கண்ணில் விழ வேண்டும். நான் அந்த நேரத்தில் காபி குடித்து, இட்லியோ பிரெட்டோ சாப்பிட்டு, அம்மாவோடு பேசிவிடுவேன். தினமும் ஒரே நேரத்தில் செய்வதுதான் இதில் பாதி வெற்றி. அநேகமாக ஒன்றிலிருந்து மூன்று வாரங்களில் மாற்றம் தெரியும். முதல் சில நாள் லேசான தலைவலியோ கண் எரிச்சலோ வந்தால் 15 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

முதல் வாரம் நான் செய்த தவறு: காலையில் நேரமில்லை என்று இரவு 9 மணிக்கு விளக்கின் முன் உட்கார்ந்தேன். மூன்று மணிவரை தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் முன்பைவிட மோசம். மாலைக்குப் பிறகு இந்த விளக்கைத் தொடவே தொடாதீர்கள்.

படி 4: நண்பகலில் வெளியே ஒரு நடை

மதிய இடைவேளையில் 20 நிமிடம் போதும். மேகமாக இருந்தாலும் போங்கள். நீங்கள் அளந்த சில ஆயிரம் லக்ஸ் அங்கேதான் இருக்கிறது. பனி விழுந்து கிடந்தால் அதன் வெண்மை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், இன்னும் நல்லது.

வைட்டமின் டி வேறு விஷயம். இங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் அதைத் தயாரிக்காது. ஜன்னல் வழி வரும் வெயிலிலும் கிடைக்காது, தெரபி விளக்கிலும் கிடைக்காது. நம் தோல் நிறத்துக்குக் குறைபாடு வர வாய்ப்பும் அதிகம். டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். அது மனச்சோர்வைத் தீர்க்கும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

படி 5: மாலையில் வெம்மை

பேஸ்மென்டில் ஒரு தனிச் சிக்கல்: சூடான காற்று வரும் வென்ட் பெரும்பாலும் கூரையில் இருக்கும். சூடு மேலேயே நின்றுவிட, தரை சில்லென்று கிடக்கும். அதனால் காலிலிருந்து தொடங்குங்கள். கட்டில் பக்கமும் நாற்காலிக்கு அடியிலும் தடித்த விரிப்பு, கம்பளிக் காலுறை, வீட்டுக்குள் போட ஒரு செருப்பு. ஜன்னல் விளிம்பில் காற்று நுழைந்தால் கடையில் கிடைக்கும் நுரைப் பட்டையை ஒட்டுங்கள்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரர் கையில் இருக்கும். ஹீட்டிங் அவர் பொறுப்பில் இருந்தால், டொரண்டோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகைக்காரருக்கு குறைந்தது 21 டிகிரி வெப்பம் தர வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்து, குறைந்தால் முதலில் நல்லபடியாகச் சொல்லுங்கள். பலனில்லை என்றால் நகராட்சியின் 311 எண்ணில் சொல்லலாம். தனி ஹீட்டர் வைத்தால் படுக்கை, திரை எதுவும் ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாமல் நேரே சுவர் பிளக்கில் மாட்டுங்கள். குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிடவே கூடாது. எரிவதிலிருந்து வரும் விஷவாயுவைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு சுடுநீரில் குளியுங்கள். கை கால்களுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு வெளியேறி, உடம்பின் நடுப்பகுதி மெல்லக் குளிரும்போது தூக்கம் தானாக வரும். பிறகு ஒரு கிண்ணம் மிளகு ரசம், மடியில் வெந்நீர்ப் பை. இந்த நேரத்தில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் 'வார்ம் ஒயிட்' பல்பு போட்ட ஒரு மேசை விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.

கார்த்திகை தீபம் வருவதும் பகல் சுருங்கிக்கொண்டே வரும் நவம்பர், டிசம்பரில்தான். வீட்டுக்காரம்மா அதை விளக்கீடு என்பார். அன்று மேலே வாசலில் அகல்களை வரிசையாக ஏற்றினோம். சுற்றிலும் பனி, நடுவில் அந்தச் சுடர்கள். அந்தக் குளிர்காலத்தில் நான் மனசாரச் சிரித்த முதல் மாலை அது. அகல் விளக்கு உடல் கடிகாரத்தைத் திருத்தாது. ஆனாலும் நாலு பேரை ஒரு விளக்கைச் சுற்றி உட்கார வைக்கும், அதுவும் நமக்குத் தேவை. கீழே ஏற்றுவதானால் போர்வை, திரைக்குத் தள்ளி வையுங்கள், தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

படி 6: இதையும் தாண்டி இருட்டாக இருந்தால்

இரண்டு, மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் எழ முடியவில்லை, வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையும் உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் செய்த ஆய்வில், இந்த நோய்க்கென்று வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு, விளக்கை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட, இரண்டு குளிர்காலம் கழித்து நோய் திரும்பியது குறைவு. மாணவர்கள் கல்லூரியின் ஆலோசகரை அணுகலாம். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கனடா முழுவதும் 988 என்ற எண் இரவு பகல் இயங்குகிறது, அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 911.

படி 7: நாட்காட்டியில் குறித்து வையுங்கள்

மனம் சரிந்த பிறகு தொடங்குவதைவிட முன்பே தொடங்குவது எளிது. இங்கே நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். மாலை அன்றே ஒரு மணி நேரம் முன்னதாக இருட்டிவிடும். நான் அதற்கு இரண்டு வாரம் முன்பே விளக்கை மேசையில் வைத்துவிடுவேன். ஏப்ரலில், காலை எழும்போது ஜன்னல் முழுக்க வெளுத்திருந்தால், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவேன். பிறகு துடைத்து, பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் 'அக்டோபர் 15' என்று பெரிதாக எழுதி, கண்ணில் படும் அலமாரித் தட்டில் வைப்பேன்.